போட்டோவில் இந்த இடம் மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிமூன்று வருடமாக வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் கேமராவோடு நிற்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு என்றால் காலையில் வேலூர்க் கோட்டைக்குப் போய்விடுவேன். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் நாலைந்து பேர் அங்கே சேர்வார்கள். மொபைலில் எடுக்கிறவர்களும் வருவார்கள். எல்லோரும் ஒரு படத்தை நீட்டிக் கேட்பது அநேகமாக ஒரே விஷயம்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். எண் போட்டிருப்பதால் ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை.

1. "போட்டோ ப்ளரா வந்திருக்குண்ணா. எங்கே தப்பு நடந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மங்கலான இடத்தையே உற்றுப் பார்த்தால் ஒன்றும் புரியாது. படத்தைப் பெரிதாக்கி, தெளிவு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். யார் படம் காட்டினாலும் நான் முதலில் செய்வது இதுதான். மாப்பிள்ளை முகம் மங்கல், ஆனால் பின்னால் மணவறை ஜோடனைப் பூவில் இதழ் இதழாகத் தெரிகிறது என்றால் ஃபோகஸ் பின்னால் போய்விட்டது. நிற்கிறவர்கள் எல்லாம் தெளிவு, ஓடுகிற குழந்தை மட்டும் இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் அசைந்தது குழந்தை. படத்தில் ஓரிடத்தில்கூடத் தெளிவு இல்லை, எல்லாம் ஒரே திசையில் கலைந்திருக்கிறது என்றால் ஆடியது உங்கள் கை.

இன்னும் இரண்டு வகை உண்டு. எல்லாமே தெரிகிறது, ஆனால் மேலே மெல்லிய பால் திரை போட்ட மாதிரி இருந்தால் லென்ஸில் அழுக்கோ ஈரமோ இருக்கிறது. நடுவில் தெளிவு, ஓரத்தில் மட்டும் மங்கல் என்றால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். அதனால் எடுத்த இடத்திலேயே ஒரு முறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

2. "ஷேக்கா, ஃபோகஸ் மிஸ்ஸா? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

படத்தில் புள்ளி வெளிச்சம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். மண்டப வாசலில் போட்ட சீரியல் லைட் இதற்கு ரொம்ப வசதி. ஒவ்வொரு பல்பும் ஊதிப்போய் வட்டமாகத் தெரிந்தால் அந்த இடத்தில் ஃபோகஸ் இல்லை. பல்புகள் எல்லாம் புழு நெளிந்த மாதிரி ஒரே வடிவக் கோடாகத் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது. அந்தக் கோடு எந்த வாக்கில் இழுத்திருக்கிறதோ அந்த வாக்கில்தான் கேமரா நகர்ந்தது.

பல்பு இல்லாத படத்தில் மூக்குத்திக் கல், கண்ணுக்குள் விழும் வெளிச்சம், எவர்சில்வர் குடத்தின் பளபளப்பு, இவற்றைப் பாருங்கள். எனக்கு மூக்குத்திதான் முதல் சாட்சி.

3. "கை ஆடாம இருக்க ஷட்டர் ஸ்பீடு எவ்ளோ வைக்கணும்?"

ஷட்டர் ஸ்பீடு என்பது ஒளி உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம். அதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் எத்தனை எம்எம்மோ, ஒரு விநாடியை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். அதைவிட மெதுவாகப் போகக் கூடாது. 50 எம்எம்முக்கு 1/50. ஆனால் இது ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கான கணக்கு, அதில் படம் விழும் சென்சார் பெரிது. ஆரம்பத்தில் நாம் வாங்கும் பெரும்பாலான கேமராக்களில் சென்சார் சின்னது. அதற்கு 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனான் என்றால் 1.6. அப்போது 50 எம்எம்முக்கு 1/80, 200 எம்எம்முக்கு 1/320. இன்றைய கேமராக்களில் பிக்சல் அதிகம், சின்ன ஆட்டமும் தெரிந்துவிடும். நான் இன்னும் ஒரு படி கூட்டியே வைக்கிறேன்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. யாளித் தூண்களை எடுக்கப் போனால் ஷட்டர் தானாகவே 1/20, 1/15 என்று இறங்கிவிடும். கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, அனுமதி வாங்காமல் ட்ரைபாட் வைக்க முடியாது. அங்கே முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைத் தூணில் சாய்த்து, மூச்சை விட்டபின் தொடர்ச்சியாக மூன்று படம் எடுங்கள். பட்டனை அழுத்தும்போது முதல் படம் ஆடும், விரலை எடுக்கும்போது கடைசிப் படம் ஆடும். நடுப்படம் பெரும்பாலும் தப்பிவிடும்.

4. "லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கு. அப்பவும் பொண்ணு டான்ஸ் ஆடுற போட்டோ எல்லாம் கலங்கியிருக்கே?"

ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை ஆடுவதைத்தான் தாங்கும். எதிரில் ஆடுகிறவரை நிறுத்த அதனால் முடியாது. பள்ளி ஆண்டு விழாப் படங்களில் மேடைத் திரையின் மடிப்புகூடத் தெளிவாக இருந்து, பிள்ளையின் கை மட்டும் விசிறி மாதிரி தெரிவது இதனால்தான். சும்மா நிற்கிற குழந்தைக்கு 1/125, நடக்கிறவர்களுக்கு 1/250, நடனத்துக்கு 1/500 என்று தொடங்கிப் பாருங்கள்.

அவ்வளவு வேகம் வைத்தால் படம் இருட்டாகும், ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஏற்ற வேண்டி வரும். தயங்காமல் 3200 வரை போங்கள். புள்ளி புள்ளியாக விழுந்த தெளிவான படம் ஆல்பத்தில் ஏறும். வழவழவென்று கலங்கிய படம் எதற்கும் ஆகாது.

5. "பேக்ரவுண்ட் அழகா மங்கலா வரணும்னு 50 எம்எம் வாங்கினேன். இப்ப ஒரு கண்ணு ஷார்ப்பா, இன்னொரு கண்ணு மங்கலா இருக்கு."

எஃப் 1.8-இல் எடுத்திருப்பீர்கள், அதுவும் கிட்டத்தில் நின்று. எஃப் எண் சின்னதானால் லென்ஸின் துளை பெரிது, எண் கூடினால் துளை சின்னது. சின்ன சென்சார் கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எஃப் 1.8-இல் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் அது 3 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே ஒரு கண் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. லென்ஸில் குறை எதுவும் இல்லை.

அதே இரண்டு மீட்டரில் எஃப் 4 வைத்தால் ஆழம் 25 சென்டிமீட்டருக்கு வந்துவிடும், முகம் முழுக்க அடங்கும். பின்னணி மங்க வேண்டும் என்றால் ஆளைச் சுவரிலிருந்து நாலு அடி முன்னால் வரச் சொல்லுங்கள். கோட்டையில் அகழி ஓரம் நிற்க வைத்து, எதிர்க் கரைச் சுவர் பின்னணியில் வரும்படி எடுத்தால் எஃப் 4-இலேயே பின்னால் மெழுகாகக் கரைந்துவிடும்.

6. "குரூப் போட்டோல முன்னாடி உக்காந்தவங்க தெளிவு, பின்னாடி நின்ன சித்தப்பா பெரியப்பா எல்லாம் மங்கல். என்னைத் திட்டுறாங்க."

ஆழம் போதவில்லை, அவ்வளவுதான். 35 எம்எம்மில் எஃப் 5.6 வைத்து, நாலு மீட்டர் தள்ளி நின்று முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய மூன்று மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மூன்று வரிசையும் அதற்குள் அடங்கும். வரிசைகளை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். மேடையில் சோபாவுக்கும் பின்வரிசைக்கும் நடுவே இரண்டடி இடம் விட்டு நிற்பார்கள், அந்த இடைவெளிதான் வினை.

இன்னொன்று, 18 எம்எம் வைத்து எல்லோரையும் திணிக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகவும் மங்கலாகவும் வருவார்கள். இடமிருந்தால் நீங்கள் பின்னால் போங்கள்.

7. "அப்போ எஃப் 22 வச்சிட்டா எல்லாமே ஷார்ப்பா வந்துடுமே?"

வராது. துளை ரொம்பச் சின்னதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். எல்லா இடமும் சமமாக இருக்கும், ஆனால் எல்லா இடமும் கொஞ்சம் மழுங்கி இருக்கும். சின்ன சென்சாரில் எஃப் 11-ஐத் தாண்டினால் இது தெரிய ஆரம்பிக்கும். எஃப் 5.6-இலிருந்து 8 வரை பெரும்பாலான லென்ஸ்கள் நன்றாக இருக்கும். மலையும் பாலாறும் சேர்ந்த காட்சிக்குக்கூட எனக்கு எஃப் 8 போதுமாக இருக்கிறது.

8. "ஆள் மேலதான் வச்சேன், ஆனா பின்னாடி தூண்ல இருக்கிற சிற்பம்தான் ஷார்ப்பா இருக்கு."

நீங்கள் ஆளைப் பார்த்தீர்கள், கேமரா தூணைப் பார்த்தது. ஃபோகஸ் புள்ளிகளைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டால், அது கிட்டத்தில் இருப்பதையோ வெளிச்சமும் நிழலும் அழுத்தமாக இருப்பதையோ பிடித்துக்கொள்ளும். குதிரை வீரன் சிற்பத்தில் இருக்கிற அவ்வளவு விளிம்பும் நிழலும் ஒருவர் கன்னத்தில் இருக்காது. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைக் கண்மேல் வையுங்கள். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்றால் கண் கண்டறியும் வசதியை இயக்குங்கள்.

நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்துவிட்டு அப்புறம் கேமராவைத் திருப்பி ஆளை ஓரத்துக்குக் கொண்டுவருவது பலருடைய பழக்கம். எஃப் 8-இல் அது தெரியாது. 5-ஆம் பதிலில் சொன்ன 3 சென்டிமீட்டர் நிலைமையில், அந்தத் திருப்பலே கண்ணைத் தெளிவிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

9. "எல்லாப் போட்டோவும் நல்லா இருக்கு, தாலி கட்டுறது மட்டும் மங்கலா போச்சு. எப்படிண்ணா?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். ஆரம்ப காலத்தில் எனக்கே இது நடந்தது. தாலி கட்டிய பதினோரு படத்திலும் பின்னால் நின்ற ஒருவரின் சட்டைக் கட்டம் பளிச்சென்று இருந்தது. பெண்ணின் கழுத்தும் மாப்பிள்ளையின் விரலும் மங்கல். அந்த வீட்டுப் பெரியவரிடம் போய் அதைச் சொன்ன நாள் இன்னும் நினைவிருக்கிறது. அவருக்கு நான் திருப்பிக் கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை.

அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து வரும். ஹோமப் புகை எழும்பியிருக்கும். புகைக்குப் பின்னால் இருப்பதற்கு அழுத்தம் குறைவு, அதனால் ஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை பறக்கும், கேமரா பறக்கிற அரிசியைப் பிடிக்கப் பார்க்கும். ஆசீர்வாதம் செய்ய யாராவது கை நீட்டுவார்கள், ஃபோகஸ் அந்தக் கைக்குத் தாவிவிடும். முன்னால் ஒருவர் மொபைலை உயர்த்திப் பிடித்தால் அதற்கும் தாவும்.

இப்போது நான் செய்வது இது. ஐயர் தாலித் தட்டைச் சுற்றி எல்லோரிடமும் கொண்டுபோகும்போதே என் இடத்தைப் பிடித்துவிடுவேன், புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்தில். பெண்ணின் மாலைக்கும் கழுத்துக்கும் இடையே புடவைக் கரையில் ஒற்றைப் புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்வேன். கரையில் ஜரிகை இருப்பதால் கேமரா நன்றாகப் பிடிக்கும். பிடித்ததும் மேனுவலுக்குத் தள்ளிவிடுவேன். அப்புறம் அரிசி பறந்தாலும் கை வந்தாலும் அது அசையாது. எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ தேவைக்கு ஏற்ற மாதிரி. கேமரா மேலேயே இருக்கும் ஃபிளாஷை நேராக அடிக்காதீர்கள், புகைதான் வெள்ளையாகத் தெரியும். கூரை வெள்ளையாக இருந்தால் ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்புங்கள். தாலி கட்டி முடிந்ததும் மறக்காமல் ஆட்டோவுக்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் அடுத்து வரும் எல்லாப் படமும் போய்விடும்.

10. "மாடு விடுற விழாவுக்குப் போனேன். மாடு வர்றது, போறது, எதுவுமே தெளிவா இல்ல."

பொங்கலையொட்டித் தொடங்கி நம் பக்கத்து ஊர்களில் நடக்கிற இந்த விழாவில் மாடு தெருவுக்குள் நுழைந்து கடக்கச் சில விநாடிதான். 1/1000-க்குக் குறையாமல் வையுங்கள், வெயில் நன்றாக இருந்தால் 1/2000. ஃபோகஸைத் தொடர்ச்சியான முறைக்கு மாற்றுங்கள். அதை ஏஎஃப்-சி என்பார்கள், கேனானில் சர்வோ என்று இருக்கும். ஒருமுறை பிடித்து நிறுத்தும் முறையில், பட்டனை அழுத்துவதற்குள் மாடு நாலடி முன்னால் வந்திருக்கும்.

மாடு நேராக நம்மை நோக்கி வருவதுதான் ஃபோகஸுக்குக் கடினம். கொஞ்சம் சாய்வான கோணத்தில், தடுப்புக்கு வெளியே, முடிந்தால் ஒரு மாடியில் நில்லுங்கள். தெருவில் புழுதி பறக்கும், 9-ஆம் பதிலில் புகைக்குச் சொன்னது புழுதிக்கும் பொருந்தும். ஓட்டத்தை வேகமாகக் காட்டவேண்டும் என்றால் 1/60 வைத்து மாட்டோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். பத்தில் ஒன்று தேறும், அதில் மாட்டின் தலை தெளிவாகவும் கூட்டம் கோடாகவும் இருக்கும். முதல் வருடம் அதற்கு ஆசைப்படாதீர்கள், முதலில் 1/1000-இல் நாலு நல்ல படம் சேரட்டும்.

11. "மொபைல்ல எடுத்தா லைட்டைச் சுத்தி பால் ஊத்தின மாதிரி வருது."

விரல் ரேகை. மொபைலை எடுக்கும்போது ஆள்காட்டி விரல் லென்ஸ் மேல்தான் போய் உட்காரும். கை எண்ணெய், முகப் பவுடர், வியர்வை எல்லாம் அங்கே படியும். லென்ஸ் மேல் மூச்சு விட்டு, சுத்தமான பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். துடைத்தும் போகவில்லை என்றால் லென்ஸ் கண்ணாடியில் கீறல் இருக்கலாம், அல்லது மேலே ஒட்டிய லென்ஸ் ப்ரொடெக்டர் காரணமாக இருக்கலாம். ப்ரொடெக்டரைக் கழற்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

12. "பத்திரத்தை மொபைல்ல போட்டோ எடுத்தா நடுவுல படிக்க முடியுது, நாலு மூலையும் மங்கல். போன் புதுசுதான்."

புதுசு என்பதால்தான். இப்போது வரும் விலை கூடிய மொபைல்களில் சென்சார் பெரிது, துளை அகலம். கிட்டத்தில் வைத்தால் 5-ஆம் பதிலில் சொன்ன ஆழக் குறைவு இங்கேயும் வரும். மொபைல் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு மூலை எல்லைக்கு வெளியே போய்விடும். பழைய மொபைலில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது.

மொபைலை ஒன்றரை அடி மேலே தூக்கி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பேப்பருக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பத்திரத்தில் மடிப்பு இருந்தால் ஓரங்களில் எதையாவது வைத்து அழுத்துங்கள். பட்டா, பழைய கிரயப் பத்திரம் போன்றவற்றில் ஒரு எண் தவறாகப் படிக்கப்பட்டால் அலைய வேண்டியது நீங்கள்தான், நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

13. "போர்ட்ரெய்ட் மோடுல என் தலையில வச்ச மல்லிப்பூ பாதி காணோம்!"

அந்த மங்கல் லென்ஸில் உண்டானது அல்ல. எது ஆள், எது பின்னணி என்று மொபைல் கணக்குப் போட்டு, பின்னணி என்று நினைத்ததை மங்கலாக்குகிறது. பறக்கிற முடி, ஜிமிக்கிக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட இடம், கண்ணாடி ஃப்ரேமின் ஓரம், பின்னலில் தொங்கும் பூச்சரம், இந்த இடங்களில் கணக்கு தப்பும். 1-ஆம் பதிலில் சொன்னபடி தேடினால், வெட்டி ஒட்டின மாதிரி ஒரு கோட்டில் தெளிவு சட்டென்று நிற்பது தெரியும். நிஜமான லென்ஸ் மங்கல் அப்படி நிற்காது, மெல்ல மெல்லத்தான் கரையும்.

பல மொபைல்களில் எடுத்த பிறகும் மங்கலின் அளவைக் குறைக்கலாம். பூவோடு எடுக்க வேண்டிய படத்துக்கு நான் சாதாரண மோடையே சொல்வேன், வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தி.

14. "ராத்திரி எடுத்தா முகம் மெழுகு பொம்மை மாதிரி வருது. ஷேக் இல்ல, ஃபோகஸும் இருக்கு."

இருட்டில் விழும் புள்ளிகளை மொபைல் துடைக்கும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. நைட் மோடு வேறு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, அதற்குள் ஆள் அசைந்தால் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு காது நிழலாகத் தெரியும். டீக்கடை ட்யூப்லைட்டுக்கு அடியில் ஆளைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு மாற்று இல்லை.

15. "மே மாசம் கோட்டை மேல இருந்து எதிர்ல இருக்கிற மலையை ஜூம் பண்ணி எடுத்தேன். ட்ரைபாட், நல்ல லென்ஸ், வேகமான ஷட்டர், எல்லாம் வச்சும் தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு."

அது வெயில். வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். கருங்கல்லும் தார் ரோடும் காய்ந்து, மேலே இருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்றும் கொஞ்சம் குளிர்ந்த காற்றும் கலந்து நெளியும். ஒளி ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு வளையும். அடுப்புக்கு மேலே எதிர்ச் சுவர் நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். உங்களுக்கும் மலைக்கும் நடுவே அந்த மாதிரிக் காற்று ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு இருக்கிறது. ஜூம் லென்ஸ் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. லென்ஸ் விலை எவ்வளவானாலும் நடுவே இருக்கிற காற்றை அதனால் மாற்ற முடியாது.

வேகமான ஷட்டர் நடுக்கத்தை நிறுத்தும், வளைவை நேராக்காது. செய்யக்கூடியது, சூரியன் ஏறுவதற்கு முன், காலை ஆறு ஆறரைக்கு எடுப்பது. மழை பெய்து காற்று சுத்தமான மறுநாள் காலை இன்னும் நல்லது. மதியம்தான் எடுத்தாக வேண்டும் என்றால் இருபது முப்பது படம் தொடர்ச்சியாக எடுத்து, அதில் வளைவு குறைந்த ஒன்றைப் பொறுக்குங்கள். ஏசி கார் கண்ணாடியை இறக்கி அந்த ஜன்னல் வழியாக எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும், குளிர் காற்றும் சூட்டுக் காற்றும் ஜன்னலில்தான் சந்திக்கின்றன. கீழே இறங்கி எடுங்கள்.

இரவில் நட்சத்திரம் மின்னுவதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். நம் பழைய வடாற்காட்டில், ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் அதற்கும் வானாய்வகத்துக்கும் வானியலாளர் வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். அவ்வளவு பெரிய ஆடிக்கும் காற்று அமைதியாக இருக்கும் இரவில்தான் படம் கூர்மையாக விழும். மலைமேல், ஊர் வெளிச்சத்துக்கு எட்டாத இடமாகத் தேடிப்போய் அதைக் கட்டியதன் அர்த்தம் மே மாத வேலூரில் நின்றால் நன்றாகப் புரியும்.

16. "எந்தப் போட்டோ எடுத்தாலும் வலது பக்கம் மட்டும் மங்கல். லென்ஸ் போச்சா?"

இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரில், சாயாமல் நின்று எஃப் 4-இல் ஒரு படம் எடுங்கள். அப்புறம் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை இன்னொரு முறை எடுங்கள். இரண்டு படத்தையும் கணினியில் திருப்பாமல், சட்டத்தின் அதே பக்கத்தைப் பாருங்கள். இரண்டிலும் வலது பக்கமே மங்கல் என்றால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. மங்கல் பக்கம் மாறினால் நீங்கள் சுவருக்குச் சாய்வாக நின்றிருக்கிறீர்கள்.

மையம் விலகுவது பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸில்தான். பழையது வாங்கும்போது இந்தச் சுவர்ச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்யுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

17. "ஒற்றைப் புள்ளி, கண்ணு மேல, எல்லாம் சரியா வச்சேன். ஆனா எப்பவும் காதுதான் ஷார்ப்பு."

எப்பவும் என்பதுதான் முக்கியம். ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால் என்று மாறினால் அது உங்கள் அசைவு. எப்பவும் பின்னால்தான் என்றால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இருக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் விழும் சென்சார் தனி, இரண்டுக்கும் சின்ன வித்தியாசம் வரலாம். ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நடு எண்ணில் ஃபோகஸ் செய்து, எந்த எண் தெளிவாக வருகிறது என்று பாருங்கள். விலை கூடிய டிஎஸ்எல்ஆர்களில் இதைத் திருத்த மெனு உண்டு. அது இல்லாதவர்கள் திரையைப் பார்த்து லைவ் வியூவில் எடுத்தால் போதும், அங்கே படம் விழும் சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது. மிரர்லெஸ்ஸில் இரண்டு சென்சார் என்ற பேச்சே இல்லை என்பதால் இந்தக் குறையும் அநேகமாக இல்லை.

18. "ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்ததும் நாலஞ்சு போட்டோ புகைமூட்டமா வந்துச்சு. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போல. மணமகள் அறையில் ஏசி ஓடும், வெளியே நலங்கு நடக்கும். கேமராவைப் பையில் மூடி, இருபது நிமிடம் முன்னால் வெளியே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். துடைத்தால் மறுபடி படியும், அந்த நேரத்தில் லென்ஸையும் கழற்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி உள்ளே தெரிந்தால் அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அதைவிட முக்கியமாக வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

19. "போன்ல சூப்பரா இருக்கு, ஃப்ளெக்ஸ் அடிச்சா மங்கலா இருக்கே?"

அநேகமாக அது வாட்ஸ்அப்பில் வந்த படம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். நாலுக்கு ஆறு அங்குல பிரிண்ட்டுக்கே 1200-க்கு 1800 பிக்சல் இருந்தால்தான் கிட்டத்தில் வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். கல்யாண ஆல்பத்தின் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத் தாளுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஃப்ளெக்ஸ் தூரத்திலிருந்து பார்ப்பது, அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டிய முகம் அதற்குக்கூடப் போதாது.

20. "ஏலகிரில நட்சத்திரம் எடுத்தேன். எல்லாம் சின்னச் சின்னக் கோடா இருக்கு. ட்ரைபாட்லதான் வச்சேன்!"

2-ஆம் பதிலில் கோடு என்றால் ஆட்டம் என்றேன். இங்கே ஆடியது பூமி. மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. 500-ஐ லென்ஸ் எம்எம்மாலும் 3-ஆம் பதிலில் சொன்ன 1.5-ஆலும் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று வரும். 18 எம்எம்முக்குச் சுமார் 18 விநாடி. நட்சத்திரங்கள் கோடாக இல்லாமல் வட்டமாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தவறு. லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, கையால் திருப்பி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் சரியாக வரும் என்று நினைக்காதீர்கள், பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும்.

21. "எங்க தாத்தாவோட போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. முகம் மங்கல். ஏஐ வச்சு ஷார்ப் பண்ணிக் குடுப்பீங்களா?"

கொஞ்சமாக ஆடியிருந்தாலோ லேசாக ஃபோகஸ் தவறியிருந்தாலோ ஓரளவு மீட்கலாம். ஆனால் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒரே திட்டாக இருக்கும் படத்தில், அந்த முகத்தைப் பற்றிய விவரம் படத்திலேயே இல்லை. ஏஐ அங்கே வைப்பது பொருத்தமான யாரோ ஒருவரின் கண்களை. ஒரு அம்மா அப்படிச் செய்த படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, ஆனா இது எங்கப்பா இல்ல" என்றார். அன்றிலிருந்து அந்த வேலையை நான் ஏற்பதில்லை.

பதிலாக, அசலை நன்றாகப் படியெடுப்போம். மெல்லிய வகை ஸ்கேனர்களில் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாக விழும். பழைய படம் வளைந்து, உப்பியிருந்தால் அந்த இடங்கள் கூடுதலாக மங்கும். நீங்கள் மங்கல் என்று நினைப்பதில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள். ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில், எஃப் 8-இல், நேர் மேலே கேமராவை நிறுத்தி எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் நெகட்டிவ் கவர் ஏதாவது இருக்கிறதா என்று பீரோ அடித்தட்டிலும் தேடிப் பாருங்கள்.